வடசென்னைக்கு ஓர் இ-ஸ்போர்ட்ஸ் கூடம் கேட்டு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கும், பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம்.

புது வண்ணாரப்பேட்டையில் மாலை நேரங்களில் நடக்கும் ஒரு கேரம் மன்றத்தின் செயலாளர் நான். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். திருவொற்றியூரிலிருந்து திரு.வி.க. நகர் வரையுள்ள வடசென்னை மண்டலங்களில், முதலில் ஒரே ஓர் இடத்திலாவது, கட்டணம் இல்லாத ஓர் இ-ஸ்போர்ட்ஸ் பயிற்சிக்கூடம் திறந்து கொடுங்கள். இ-ஸ்போர்ட்ஸ் என்றால் கணினியிலும் செல்போனிலும் உள்ள கேம்களை விதிகளோடு போட்டியாக ஆடுவது. அதற்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும். திறக்கும் நேரமும் மூடும் நேரமும் கறாராக இருக்க வேண்டும். வருகைப் பதிவேடு வேண்டும். கேரம் ஆளுக்கு வீடியோ கேமில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். கேரம் ஆள் என்பதால்தான் எனக்கு இந்த அக்கறை வந்தது.

எங்கள் பக்கத்தில் கேரம் போர்டு தெருமுனையில் பிறந்தது. டீக்கடை ஓரத்தில் டிரம் மேல் போர்டைப் போட்டு, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு ஆடுவார்கள். "வேல வெட்டி இல்லாதவனுங்க ஆடறது" என்று சொல்லாத வீடு கிடையாது. அந்தத் தெருக்களிலிருந்துதான் வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலக சாம்பியன் ஆனார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் எங்கள் பேட்டைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்றார். அவர் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்து அவரைக் கௌரவித்தது. இவர்களுக்கெல்லாம் முன்னாலேயே மரிய இருதயம் கேரத்துக்காக அர்ஜுனா விருது பெற்றிருந்தார்.

இத்தனைக்கும் போர்டும் காயும் ஸ்ட்ரைக்கரும் மாறவே இல்லை. விளையாட்டைச் சுற்றித்தான் எல்லாம் மாறியது. மன்றம் வந்தது, நடுவர் வந்தார், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் வந்தன. தோற்றுவிட்டு வந்தவனை உட்காரவைத்து, எந்தக் காயில் கோட்டை விட்டான் என்று சொல்லித்தர ஓர் அண்ணன் இருந்தார். தெருமுனை ஆட்டத்துக்கும் உலகக் கோப்பைக்கும் நடுவே இருந்தது அவ்வளவுதான்.

இன்று அதே வயதுப் பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கிறது. எங்கள் மன்றத்து வராந்தாவில் வைஃபை எடுக்கும் என்பதால் சாயந்திரமானால் நான்கைந்து பையன்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் ஆடுவது பிஜிஎம்ஐ, துப்பாக்கியோடு அணியாக இறங்கிக் கடைசி வரை தாக்குப்பிடிக்க வேண்டிய செல்போன் கேம். அதை எட்டிக்கூடப் பார்க்காமல் "சுடுற கேம்" என்று ஒதுக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவன். பார்த்ததைச் சொல்கிறேன்.

போட்டி ஆட்டத்தில் நான்கு பேர் கொண்ட பதினாறு அணிகள் ஒரே வரைபடத்தில் இறங்குகின்றன. ஆடுகளம் ஒரு வட்டமாகச் சுருங்கிக்கொண்டே வரும், அந்த வட்டத்தை ஸோன் என்பார்கள், வெளியே மாட்டியவனுக்கு உயிர் குறையும். கணக்கு இப்படிப் போகிறது. கடைசி வரை நின்ற அணிக்கு 10 புள்ளி, இரண்டாவது இடத்துக்கு 6, மூன்றாவதுக்கு 5, இப்படியே இறங்கி எட்டாவது இடத்தோடு முடிந்துவிடும். வீழ்த்திய ஒவ்வொரு எதிராளிக்கும் 1 புள்ளி. ஐந்து பேரைச் சாய்த்துவிட்டு ஒன்பதாவதாக வெளியேறிய அணிக்குக் கிடைப்பது 5 புள்ளி. யாரையும் சுடாமல், இடம் பார்த்து ஒதுங்கி, இரண்டாவதாக வந்த அணிக்கு 6. எப்போது சண்டைக்குப் போவது, எப்போது விலகிப்போவது என்பதில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது. வராந்தாப் பையன்கள் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு ஆட்டத்துக்கு ஆட்டம் புள்ளி எழுதிவைக்கிறார்கள். அடுத்த ஆட்டத்தில் எத்தனையாவது இடம் வந்தால் எந்த அணியைத் தாண்டலாம் என்று மனக்கணக்காகச் சொல்கிறார்கள்.

அவர்களில் ஒரு பையன் அதிகம் பேசமாட்டான். மன்றத்துக்குள் வந்தால் சுவரோரமாக நிற்பான். கேள்வி கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவான். அவன்தான் அந்த அணிக்கு ஐஜிஎல், அதாவது ஆட்டத்துக்குள் முடிவெடுக்கிற தலைவன். காதில் இயர்போனை மாட்டியதும் அவன் குரலே மாறிவிடும். "புஷ் பண்ணாத, மூணு பேர்தான் இருக்கோம். நீ கவர் குடு, நான் ரிவைவ் பண்றேன். ஸோன் வடக்க போவுது, வண்டிய ஸ்டார்ட் பண்ணு." புஷ் என்றால் முன்னேறித் தாக்குவது, ரிவைவ் என்றால் விழுந்த கூட்டாளியை எழுப்பிவிடுவது. கத்தல் கிடையாது. ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசினால் ஒருவர் பேசுவதும் யாருக்கும் கேட்காது என்று அவர்களே விதி வைத்திருக்கிறார்கள்: பார்த்தவன் திசையையும் தூரத்தையும் மட்டும் சொல்ல வேண்டும், முடிவை ஐஜிஎல் சொல்வான்.

ஒருநாள் அவர்கள் சீக்கிரமே வெளியேறிவிட்டார்கள். எராங்கல் வரைபடத்தில் தெற்கே ராணுவத் தளம் உள்ள ஒரு தீவு, அதிலிருந்து வெளியே வர இரண்டு பாலங்கள். வண்டியில் பாலத்தைக் கடக்கும்போது எதிர்முனையில் காத்திருந்த அணி மொத்தமாக அடித்துவிட்டது. போனைத் தூக்கி எறிவார்கள் என்று நினைத்தேன். எறியவில்லை. ரெக்கார்ட் செய்த வீடியோவைப் பின்னால் ஓட்டி, ஒரே போனைச் சுற்றி நான்கு தலையும் குனிந்து பார்த்தார்கள். "இங்கியே ஸோன் மாறிடுச்சு பாரு. அப்பவே போட் எடுத்திருக்கணும். நாம லூட் எடுத்துனு நின்னுட்டோம்" என்றான் ஒருவன். போட் என்றது படகை, லூட் என்றது களத்தில் கிடக்கும் ஆயுதங்களையும் மருந்துகளையும். வண்டி ஓட்டியவனை யாரும் திட்டவில்லை. அவனே "நான்தான்டா பாலத்துக்குத் திருப்புனேன்" என்று சொன்னான். தோல்வியை இப்படிப் பிரித்துப் பார்க்க எத்தனை பெரியவர்களுக்குத் தெரியும்? நாங்கள் கேரத்தில் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவரப் படாத பாடு படுகிறோம்.

பயன் விளையாட்டில் மட்டும் இல்லை, அதைப் போட்டியாக ஆடுவதில் இருக்கிறது என்பதுதான் என் வாதம். தனியாகப் படுத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரை ஆடுகிறவனுக்கு அதில் கிடைப்பது குறைவு, போவதுதான் அதிகம். ஓர் அணியில் சேர்ந்து, குறித்த நேரத்துக்கு வந்து, ஒருவன் சொல்வதை மூன்று பேர் கேட்டு, தோற்றபின் காரணம் தேடி, மறுநாள் வேறு மாதிரி ஆடிப் பார்க்கிறவனுக்குப் பொறுமையும் பேச்சும் கூட்டாக வேலை செய்கிற பழக்கமும் வருகின்றன. ஆடுவது எதுவாகவும் இருக்கட்டும். செல்போன் கால்பந்தும் சரி, கணினிச் சதுரங்கமும் சரி. 2025-ல் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் சதுரங்கமும் ஒரு போட்டி, அதை வென்றவர் மாக்னஸ் கார்ல்சன்.

ஆராய்ச்சிகளையும் சொல்லவேண்டும், ஆனால் அளந்துதான் சொல்வேன். 2003-ல் நேச்சர் இதழில் ஷான் கிரீன், டாஃப்னி பவேலியர் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கேம் ஆடிப் பழக்கமில்லாதவர்களைப் பத்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஆக்‌ஷன் கேம் ஆடவைத்ததில், பல பொருள்களை ஒரே நேரத்தில் கவனிக்கும் திறன் டெட்ரிஸ் ஆடியவர்களைவிடக் கூடியிருந்தது. 2007-ல் அமெரிக்காவில் அறுவை மருத்துவர்களிடம் நடந்த ஆய்வில், ஒரு காலத்தில் வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் கேம் ஆடியவர்கள் சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி அறுவைப் பயிற்சியில், கேம் ஆடாதவர்களைவிட 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள். இவற்றைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. கேம் ஆடுகிறவர்கள் தாங்கள் நன்றாகச் செய்வோம் என்ற எதிர்பார்ப்போடு வருவதே முடிவை மாற்றிவிடும் என்றார்கள். நியாயமான கேள்விதான். அதனால் "மூளை வளரும்" என்றெல்லாம் சொல்லி உங்களிடம் கூடம் கேட்கமாட்டேன். வன்முறை வளரும் என்ற பயத்துக்கு மட்டும் ஒன்று சொல்லவேண்டும். 2019-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆயிரம் பிரிட்டிஷ் பதின்வயதினரையும் அவர்களைப் பெற்றவர்களையும் விசாரித்துப் பார்த்ததில், வன்முறை கேம் ஆடும் நேரத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தெரியவில்லை.

சட்டப்படியும் இது இனி தெருமுனை விஷயம் இல்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸ் காட்சிப் போட்டியாக நடந்தபோதே தீர்த் மேத்தா இந்தியாவுக்கு வெண்கலம் கொண்டுவந்தார். 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு அதை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் அது முழுப் பதக்க விளையாட்டு. ஜப்பானில் 2026-க்கான ஐச்சி–நாகோயா ஆசியப் போட்டிப் பட்டியலிலும் இடம்பெற்றது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணைய விளையாட்டுச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை ஊக்குவிக்க வேண்டியதாகவும், பணம் கட்டி ஆடுவதைத் தடைசெய்ய வேண்டியதாகவும் தனித்தனியே பிரித்துவிட்டது. பயிற்சி மையங்கள் அமைப்பதையும் அந்தச் சட்டமே சொல்கிறது.

பணம் என்று வந்துவிட்டதால் இதை விரிவாகச் சொல்லவேண்டும், எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். ஆன்லைன் ரம்மியில் தமிழ்நாடு இழந்த உயிர்களை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கை, ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான தமிழ்நாட்டின் 2022 சட்டம், அதன்படி அமைந்த இணையவழி விளையாட்டு ஆணையம் எல்லாம் அந்தத் துயரத்திலிருந்து வந்தவை. அந்தச் சட்டங்களின் பக்கம் நான் முழுமையாக நிற்கிறேன். ஆனால் பையன்களுக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது. டெலிகிராமில், வாட்ஸ்அப்பில் முகம் தெரியாத ஆள் "கஸ்டம் ரூம்", அதாவது கேமுக்குள் தானே நடத்துகிற தனிப் போட்டி, போடுகிறான். அணிக்கு ஐம்பது, நூறு ரூபாய் ஜிபே செய்தால் ஜெயித்தவருக்குப் பரிசு என்கிறான். எங்கள் வராந்தாப் பையன்கள் அப்படி ஒன்றில் பணம் கட்டி, ஆட்டத்தில் மூன்றாவதாகவும் வந்தார்கள். பரிசு கேட்டதும் அந்த ஆள் குரூப்பையே கலைத்துவிட்டுப் போய்விட்டான். அதில் ஒருவன் கட்டியது அம்மா பால் வாங்கக் கொடுத்த காசு. வீட்டில் சொல்லவும் பயம், போலீசில் சொல்லவும் பயம். அரசு நடத்துகிற, நுழைவுக் கட்டணம் இல்லாத ஒரு போட்டி அந்தப் பகுதியில் இருந்திருந்தால் அவர்கள் அந்த ஆளிடம் போயிருக்கவே மாட்டார்கள். போட்டியிட வேண்டும் என்ற ஆசை பிள்ளைகளுக்கு இருக்கிறது. அதற்கு நல்ல வாசல் இல்லாததால் கெட்ட வாசல் வழியாகப் போகிறார்கள்.

அடிமையாகிவிடுவார்கள் என்ற தாய்மார்களின் கவலையும் பொய் இல்லை. உலக சுகாதார நிறுவனமே கேமிங் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, 2022 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தை நிறுத்த முடியாமல் போவதும், மற்ற எல்லாவற்றையும் விட அதுவே பெரிதாவதும், கெடுதல் தெரிந்தும் தொடர்வதும், இப்படிப் பொதுவாக ஓராண்டு நீடித்துப் படிப்பும் வீடும் பாதிக்கப்படுவதும்தான் அதன் அடையாளங்கள். அப்படிப்பட்ட பிள்ளையை யார் முதலில் கண்டுபிடிப்பது? கதவைச் சாத்திய அறைக்குள் இருப்பவனை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் வீடுகள் பலவற்றில் சாத்துவதற்கு இன்னோர் அறையே கிடையாது, போர்வைக்குள்தான் ஆடுகிறார்கள். கூடத்துக்கு வருகிறவனை ஒரு பயிற்சியாளர் தினம் பார்க்கிறார். எரிச்சல் கூடினால், தூக்கம் இல்லாத கண்ணோடு வந்தால், அவருக்குத் தெரிந்துவிடும். ஸ்டான்லி மருத்துவமனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கூடத்தை அதன் மனநலப் பிரிவோடு இணைத்துவிட்டால் அனுப்பிவைக்க ஓர் இடமும் இருக்கும்.

வெறும் தடை போட்டுப் பார்த்த நாடுகளின் அனுபவமும் நமக்கு முன்னால் இருக்கிறது. இ-ஸ்போர்ட்ஸின் தாய்வீடு என்று சொல்லத்தக்க தென்கொரியா, 2011-ல் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஆடக்கூடாது என்று சட்டம் போட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு 2021-ல் அதைக் கைவிட்டு, நேரத்தைப் பெற்றோரும் பிள்ளைகளும் முடிவு செய்யும் முறைக்குப் போய்விட்டது. நார்வேயில் பெர்கன் நகரத்துப் பள்ளி ஒன்று 2016-லேயே இ-ஸ்போர்ட்ஸை விருப்பப் பாடமாக வைத்து, அதோடு உடற்பயிற்சியையும் சேர்த்தது. எனக்கு அந்தச் சேர்க்கை பிடித்திருக்கிறது. நம் கூடத்திலும் முதல் அரைமணி நேரம் மைதானத்தில் ஓட்டம், பிறகுதான் திரை என்று வைக்கலாம்.

கூடம் எப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்குள் பேசிப் பார்த்திருக்கிறோம். புதுக் கட்டடம் தேவையில்லை. மாலையில் பூட்டிக் கிடக்கிற ஒரு சமூகநலக்கூடத்தின் அறை போதும். கொளத்தூரில் 2024-ல் முதல்வர் படைப்பகம் திறந்தீர்களே, அப்படி ஒன்றின் மாடியில் ஓர் ஓரமும் போதும். எட்டு கணினி, அணியாக ஆடச் சில நல்ல செல்போன், ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்க ஒரு பெரிய திரை, தடங்கல் இல்லாத இன்டர்நெட், கரண்ட் போனால் தாங்குகிற யுபிஎஸ், நிமிர்ந்து உட்காரத்தக்க நாற்காலி. பள்ளி நாளில் சாயந்திரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அன்று பள்ளிக்கு வராதவனுக்கு அன்று கூடமும் கிடையாது. துப்பாக்கி கேம் பதினாறு வயதுக்கு மேல் மட்டும், அதுவும் பெற்றவர்கள் கையெழுத்தோடு. சின்னவர்களுக்குச் சதுரங்கமும் கால்பந்தும் கார் ரேஸும் இருக்கின்றன. கூடத்துக்குள் காசுப் பேச்சே கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண்டலங்களுக்குள் போட்டி நடக்கட்டும். மணலி அணி ராயபுரத்துக்கு வந்து ஆடட்டும்.

பெண் பிள்ளைகளுக்கென்று தனி நேரம் கட்டாயம் வேண்டும். தனியார் கேமிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி உட்காருகிறார்கள் பையன்கள். பெண் பிள்ளையை அங்கே அனுப்பும் வீடு எங்கள் பக்கத்தில் அரிது. இத்தனைக்கும் உயரமோ எடையோ தேவைப்படாத போட்டி இது. காசிமா ஆடிய கேரமும் அப்படிப்பட்டதுதான். எங்கள் மன்றத்தில் பெண்களுக்குத் தனி மாலைகளை ஒதுக்கிய பிறகுதான் அம்மாக்கள் தாங்களாகவே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கால் நடக்க முடியாத பிள்ளைகளும் மற்றவர்களோடு சரிசமமாக ஆடலாம், அறை தரைத்தளத்தில் இருந்தால்.

வேலைவாய்ப்பைப் பெரிதாகச் சொல்லி ஆசை காட்ட மாட்டேன். ஆடியே பிழைக்கப் போகிறவர்கள் மிகச் சிலர். ஆனால் ஒரு போட்டியை நடத்த வர்ணனையாளர், ஒளிபரப்பைக் கவனிப்பவர், வீடியோ வெட்டுபவர், நெட்வொர்க் பார்ப்பவர், நடுவர் எல்லாரும் வேண்டும். ஸ்கைஸ்போர்ட்ஸ் போன்ற சென்னை நிறுவனமே நாடு தழுவிய போட்டிகளை நடத்துகிறது. தமிழில் வர்ணனை செய்ய எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியா தரவேண்டும்?

ஒரு நிபந்தனையும் உண்டு. மைதானத்தைக் குறைத்து இந்தக் கூடத்தைக் கொடுத்தால் எங்களுக்கு வேண்டாம். வியாசர்பாடி நந்தகுமார் சேகர் இந்திய அணிக்கு ஆடியது மண் தரையில் ஆரம்பித்த கால்பந்தால்தான். மாநகராட்சியின் கால்பந்துத் திடல்களில் ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று 2024 அக்டோபரில் தீர்மானம் வந்தபோது நாங்கள் எல்லாரும் எதிர்த்தோம். நீங்களும் அதை உடனே திரும்பப் பெற்றீர்கள். குத்துச்சண்டைக் கூடமும் கால்பந்துத் திடலும் இருக்கிறபடியே இருக்கட்டும், இன்னும் பெருகட்டும். இதையும் அவற்றின் பக்கத்தில் வையுங்கள். வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு ஒதுக்கிய கோடிகளில் இந்த அறைக்கு ஆகும் செலவு கண்ணுக்கே தெரியாது.

முடிவெடுக்கும் முன் ஒருமுறை வந்து பாருங்கள். அறிவிப்பு, சால்வை எதுவும் வேண்டாம். வார நாளில் மாலை ஆறு மணிக்குமேல் எங்கள் வராந்தாவில் பிள்ளைகள் இருப்பார்கள். புள்ளி எழுதிய நோட்டை வாங்கிப் பாருங்கள், ஏன் தோற்றீர்கள் என்று அவர்களையே கேளுங்கள். கூடம் உடனே அமையாவிட்டால், சோதனை முயற்சியாக ஆறு மாதத்துக்கு எங்கள் மன்றத்தின் பின்னறையைத் தருகிறோம். கேரம் போர்டுகளை முன்னறைக்கு நகர்த்திக்கொள்ளலாம் என்று உறுப்பினர்கள் கூடிப் பேசி ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பயிற்சியாளரையும் இணைய இணைப்பையும் மட்டும் நீங்கள் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கேரம் மன்றத்தின் செயலாளர்,
புது வண்ணாரப்பேட்டை, சென்னை.